விரலால் எண்ணும் கம்பளிச் சதுரம்

மார்கழி பிறந்துவிட்டால் மலையில் இரவின் நீளம், கட்டிலில் படுத்திருப்பவரைவிட அவர் அருகில் அமர்ந்திருப்பவருக்கே நன்றாகத் தெரியும். வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தை மாதத்தின் சில விடியற்காலைகளில் புல்லின்மீது உறைபனி படிகிறது. வில்பட்டியிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் வருவோர் பலர், பகலில் பூண்டு வயலையோ கேரட் தோட்டத்தையோ பார்த்துவிட்டு மாலையில் வந்து, விடியும்வரை உறவினரின் கட்டிலருகே காத்திருக்கின்றனர். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அந்நேரத்தில் அவர்களுக்கு வேறு வேலை இருப்பதில்லை. வார்டின் பெரிய விளக்குகள் அணைந்தபின் படிக்க இயலாது. கைபேசியின் வெளிச்சமோ அடுத்த கட்டிலில் அப்போதுதான் கண்ணயர்ந்தவரை எழுப்பிவிடும்.

அப்படிக் காத்திருக்கும் கைகளுக்கு ஏற்ற ஒரு சிறு வேலையைப் பற்றியது இக்கட்டுரை. ஒரு குரோஷே ஊசியும் ஒரு கண்டு உல்லன் நூலும் போதும். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு சதுரத்தை அவற்றால் பின்னலாம். குரோஷே சதுரங்கள் உலகெங்கும் பின்னப்படுபவையே. அமெரிக்க வேளாண் இதழ் ஒன்றில் இத்தகைய சதுரத்துக்கான குறிப்பு 1885ஆம் ஆண்டிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் இங்கு நாம் எடுத்துக்கொள்வது தட்டையான சதுரமன்று. மேடும் பள்ளமுமாக வரிவரியாக எழும்பி நிற்கும் சதுரம். அந்த மேடுகளைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை. விரல் நுனியால் தடவியே எத்தனை வந்திருக்கின்றன, எங்கே தவறியது என்று அறிந்துகொள்ளலாம். மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருப்பவருக்கும், கண்புரையால் பார்வை மங்கியவருக்கும் இச்சதுரத்தைப் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் குரோஷேயின் இயல்பிலேயே இருக்கிறது. இரண்டு நீண்ட ஊசிகளைக் கொண்டு ஸ்வெட்டர் பின்னும்போது பல பத்துக் கண்ணிகள் ஒரே நேரத்தில் ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும். அவசரத்தில் கீழே வைத்தால் நழுவிவிடும். குரோஷேயில் எந்நேரமும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். செவிலியர் அழைத்தால், நோயாளி தண்ணீர் கேட்டால், அந்த ஒரு கண்ணியைச் சற்று நீளமாக இழுத்துவிட்டு அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்ததும் நூலை இழுத்துச் சரிசெய்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நோயாளியின் அருகில் இருப்பவருக்கு இடையூறு இல்லாத பத்து நிமிடங்கள் கிடைப்பதே அரிது என்பதை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள்.

இனி வேலைக்கு வருவோம். சங்கிலி போடத் தெரியாதவர்கள், தெரிந்த ஒருவரிடம் பகல் வெளிச்சத்தில் அரைமணி நேரம் கற்றுக்கொள்வது நல்லது. ஒயர்க்கூடை பின்னிப் பழகிய கைகளுக்கு இது விரைவில் பிடிபடும். முதற்சதுரத்தைப் பகலிலேயே பின்னி முடியுங்கள். இரவு வேலை இரண்டாவது சதுரத்திலிருந்து தொடங்கட்டும்.

நமக்கு வேண்டிய அடிப்படைப் பின்னல், டபுள் குரோஷே. நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, உரிய இடத்தில் ஊசியை நுழைத்து, நூலைப் பிடித்து வெளியே இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணிகள் இருக்கும். மீண்டும் நூலைப் பிடித்து இரண்டு கண்ணிகளின் வழியாக இழுக்க வேண்டும். இன்னொரு முறையும் அவ்வாறே இரண்டின் வழியாக இழுத்தால் ஒரு பின்னல் முடிந்தது. புத்தகத்தையோ காணொளியையோ பார்த்துப் பின்னுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அமெரிக்கர் டபுள் என்று சொல்வதையே பிரித்தானியர் டிரெபிள் என்கின்றனர். நம் நாட்டில் இரண்டு வழக்கும் கலந்தே புழங்குகின்றன. இக்கட்டுரையில் அமெரிக்க வழக்கே கையாளப்படுகிறது.

முடிந்த ஒரு டபுள் குரோஷேயை உற்றுப் பாருங்கள். மேலே சங்கிலி போன்ற ஒரு தலை. அதன் கீழே நெட்டுக்குத்தாக ஒரு தண்டு. வழக்கமாக அடுத்த சுற்றைப் பின்னும்போது ஊசி தலைக்குள் நுழையும். மேடு பள்ளம் வேண்டுமானால் ஊசி தலையைத் தொடாமல் தண்டைச் சுற்றிவர வேண்டும். இதைத்தான் போஸ்ட் ஸ்டிட்ச் என்கின்றனர். நாம் தண்டுப் பின்னல் என்று வைத்துக்கொள்வோம்.

அதில் இருவகை உண்டு. நூலைச் சுற்றிய ஊசியை முன்புறமிருந்து தண்டின் வலப்பக்கமாக உள்ளே செலுத்தி, தண்டின் பின்னால் கொண்டுபோய், இடப்பக்கமாக மீண்டும் முன்புறத்துக்கு எடுத்தால், தண்டு ஊசியின் முன்னால் தெரியும். மற்றதெல்லாம் வழக்கமான டபுள் குரோஷே போலவே. இது முன்தண்டு, முடிந்ததும் நம்மை நோக்கி மேடாக எழும்பி நிற்கும். பின்புறமிருந்து ஊசியை முன்னால் கொண்டுவந்து, தண்டின் முன்னால் செலுத்தி, மீண்டும் பின்புறத்துக்கு அனுப்பினால் அது பின்தண்டு. அது பள்ளமாக உள்ளே அமிழும். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் வலத்தை இடமாகக் கொள்ளவேண்டும். பெயர்களை மறந்தாலும் பாதகமில்லை; மேடு, பள்ளம் என்று நினைவில் வைத்தால் போதும். வில்பட்டிப் பக்கத்துப் படிக்கட்டு வயல்களில் பூண்டுப் பாத்தி பிடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிராது.

சதுரத்தின் முறை வருமாறு. நடுத்தரப் பருமனுள்ள உல்லன் நூலுக்கு 5 மி.மீ. ஊசி பொருந்தும். நான்கு சங்கிலி போட்டு, முதற்சங்கிலியில் ஸ்லிப் ஸ்டிட்சால் இணைத்து வளையமாக்குங்கள்.

முதற்சுற்று: மூன்று சங்கிலி போடுங்கள், அது ஒரு டபுள் குரோஷேக்குச் சமம். வளையத்துக்குள் இன்னும் இரண்டு டபுள் குரோஷே. பிறகு இரண்டு சங்கிலி, மூன்று டபுள் குரோஷே என்று மூன்று முறை. கடைசி மூலையில் மட்டும் இரண்டு சங்கிலிக்குப் பதிலாக ஒரு சங்கிலி போட்டு, தொடக்கத்தில் போட்ட மூன்று சங்கிலியின் உச்சியில் ஒரு சிங்கிள் குரோஷேயால் இணையுங்கள். இவ்வாறு செய்வதால் ஊசி மூலையின் நடுவிலேயே நிற்கும். அடுத்த சுற்றை அங்கிருந்தே தொடங்கலாம். இப்போது நான்கு பக்கங்களிலும் மும்மூன்று தண்டுகள், நான்கு மூலைகள்.

இரண்டாம் சுற்று: ஊசி நிற்கும் மூலைக்குள் மூன்று சங்கிலியும் ஒரு டபுள் குரோஷேயும். அடுத்துள்ள மூன்று தண்டுகளின்மேல் மேடு, பள்ளம், மேடு. மூலை வந்ததும் அதற்குள் இரண்டு டபுள் குரோஷே, இரண்டு சங்கிலி, இரண்டு டபுள் குரோஷே. இப்படியே சுற்றி வந்து, நான்காவது பக்கம் முடிந்ததும் தொடங்கிய மூலைக்குள் இரண்டு டபுள் குரோஷே போட்டு, முன்போலவே ஒரு சங்கிலி, ஒரு சிங்கிள் குரோஷேயால் முடியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இப்போது ஏழு தண்டுகள்.

மூன்றாம் சுற்றுக்கும் அதற்கு மேலானவற்றுக்கும் புதிய விதி எதுவுமில்லை. மூலையில் அதே இரண்டு, சங்கிலி, இரண்டு. பக்கத்தில் மேட்டில் தொடங்கி, மேடும் பள்ளமும் மாறிமாறி வந்து, மேட்டில் முடியவேண்டும். தொடக்கத்தில் போட்ட மூன்று சங்கிலியையும் ஒரு தண்டாகவே எண்ணிச் சுற்றிவாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்தின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு தண்டுகள் கூடுவதால், மேட்டின்மேல் மேடும் பள்ளத்தின்மேல் பள்ளமும் தாமாகவே வந்து விழும். பக்கத்துத் தண்டுகள் 3, 7, 11, 15, 19 என வளரும். ஐந்து சுற்றில் சதுரம் முடியும். மேலும் பெரிதாக வேண்டுவோர் அதே விதியில் தொடரலாம்.

விரலுக்குரிய கணக்கு இதுதான். ஒரு சுற்றை முடித்ததும் அதன் ஒரு பக்கத்தின்மேல் சுட்டுவிரலைத் தடவிச் செல்லுங்கள். இரண்டாம் சுற்றில் இரண்டு மேடு தட்டுப்படும், மூன்றில் நான்கு, நான்கில் ஆறு, ஐந்தில் எட்டு. எண் குறைந்தால் ஒரு தண்டு தவறியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் தவறுவது மூலையை அடுத்துள்ள முதல் தண்டுதான். மூலையில் போட்ட புதிய பின்னல்கள் அதன்மேல் சாய்ந்து அதை மறைத்துக்கொள்கின்றன. மூலை முடிந்தவுடன் இடக்கைக் கட்டைவிரலால் அப்பின்னல்களைச் சற்று ஒதுக்கிப் பார்த்தால் ஒளிந்திருக்கும் தண்டு அகப்படும். அந்தப் பக்கம் வரைக்கும் பிரித்துவிட்டுத் திரும்பப் பின்னுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். சதுரம் கிண்ணம்போல் குவிந்தால் கை இறுகிவிட்டது; அரை மி.மீ. பெரிய ஊசி எடுங்கள். மூலைகள் அலையலையாக நெளிந்தால் மூலையில் இரண்டு சங்கிலிக்கு ஒன்று போதும்.

கை பழகியபின் சலிப்புத் தட்டினால் ஒரு சிறு மாற்றம் செய்து பார்க்கலாம். இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை மேட்டின்மேல் பள்ளமும் பள்ளத்தின்மேல் மேடுமாக மாற்றிப் போட்டால், வரிகள் உடைந்து, ஓலைப்பெட்டியின் முடைவு போன்ற தோற்றம் வரும். பார்ப்பதற்கு மிக அழகு. ஆனால் விரலால் எண்ணுவது கடினமாகிவிடுவதால் இரவு நேரத்துக்கு முதல்முறையே ஏற்றது.

தண்டுப் பின்னல் சாதாரணப் பின்னலைவிட அதிக நூலை உட்கொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். அந்தச் செலவு வீணன்று. மேடுகளுக்கு இடையே காற்று தங்குவதால் துணி தடித்துக் கதகதப்பாகிறது. சாதாரண குரோஷே சதுரத்தில் இருக்கும் பெரிய ஓட்டைகளும் இதில் இல்லை. சன்னல் இடுக்கில் நுழையும் மலைக்காற்றுக்கு ஓட்டைப் போர்வை எவ்வளவு உதவும் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நூலைப் பற்றியும் சில சொற்கள். கடையில் உல்லன் என்று கேட்டால் கையில் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் இழைதான். ஆட்டின் உரோமம் அதில் ஒரு துளியும் இருக்காது. உண்மையான கம்பளி நமக்கு அந்நியமும் அன்று. கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூரில், மத்தியச் செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல ஆராய்ச்சி மையம் 1965ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பாரத் மெரினோ என்னும் நுண்கம்பளிச் செம்மறி இனம் அங்கு வளர்க்கப்படுகிறது. சதுரம் பின்னுபவர் ஒருமுறையேனும் அந்தப் புல்வெளியில் மேயும் ஆட்டின் முதுகில் கைவைத்துப் பார்த்தால், நூல் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

நோயாளிக்குப் பின்னும்போது இரண்டில் எதைத் தேர்வது? கம்பளி ஈரத்தை உறிஞ்சியும் சூடு காக்கும், எளிதில் தீப்பற்றாது. ஆனால் வெந்நீரில் துவைத்தால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். சிலருக்குத் தோலில் அரிப்புண்டாக்கும். அக்ரிலிக் மலிவு, துவைப்பதும் எளிது. ஆனால் இஸ்திரி போட்டால் மேடெல்லாம் சப்பையாகித் துவண்டுவிடும்; நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். விறகடுப்போ கணப்போ எரியும் வீட்டில், அதனருகே அமரும் முதியவரின் தோளில் அக்ரிலிக் சால்வை வேண்டாம். மூச்சிரைப்பு உள்ளவருக்கு, உரோமம் உதிரும் பஞ்சுபோன்ற நூலைத் தவிர்க்கவேண்டும்.

சதுரங்களைக் கொண்டு பெரியதொன்றைச் செய்ய முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் சென்னையைப் பார்க்கலாம். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்னும் குழுவினர், பல ஊர்களிலிருந்தும் பின்னி அனுப்பப்பட்ட போர்வைத் துண்டுகளை ஒன்றிணைத்து, 2016ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரே போர்வையாக விரித்தனர். உலகின் மிகப்பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸ் அதை அன்று பதிவு செய்தது. ஏக்கர்க் கணக்கில் சொன்னால் இரண்டே முக்கால் ஏக்கர். வில்பட்டியில் ஒரு குடும்பம் வைத்துப் பிழைக்கும் நிலத்துக்கு ஒப்பானது. சாதனை முடிந்ததும் போர்வையைப் பிரித்து, துண்டுகளைத் தேவைப்படுவோருக்கு வழங்கினார்கள் என்பதே அச்செய்தியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இல்லத்தரசிகளும் வேலைக்குச் செல்வோரும் முதியோருமாக ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள் தத்தம் வீட்டில் அமர்ந்து பின்னிய துண்டுகள் அவை. ஒரே அளவு என்னும் கட்டுப்பாடே அவற்றை ஒன்றாக்கியது.

நம் தேவை அவ்வளவு பெரிதன்று. சதுரம் 12 செ.மீ. வந்தால், வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை, அதாவது 64 சதுரங்கள், ஏறக்குறைய ஒரு மீட்டர் போர்வையாகும். சக்கர நாற்காலியில் அமர்வோரின் மடிக்கு ஆறு வரிசையில் ஆறாக 36 போதும். ஒரு குடும்பத்தில் நோயாளியோடு மாறிமாறித் தங்கும் மூவர் ஆளுக்கு ஒன்றாகப் பின்னினாலும் வேலை நகரும். ஒருவர் கை இறுக்கம் மற்றவருக்கு வராது. சதுரங்கள் சிறிதும் பெரிதுமாகத்தான் இருக்கும். கடைசியில் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வரி சிங்கிள் குரோஷே போட்டால் வேறுபாடு பெருமளவு சரியாகிவிடும்.

இதனால் உடம்புக்கோ மனத்துக்கோ நன்மை உண்டா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான விடை சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், குரோஷே பின்னுவோரிடம் இணையவழியே ஒரு கணக்கெடுப்பு நடத்தி 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 8,391 பேர் விடையளித்தனர். பின்னுவதால் மனம் அமைதியடைவதாக 89.5 விழுக்காட்டினரும், மகிழ்ச்சி கூடுவதாக 82 விழுக்காட்டினரும் தெரிவித்தனர். நல்ல செய்திதான். ஆனால் விடையளித்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே குரோஷேயை விரும்பிப் பின்னுபவர்கள்; ஏறத்தாழ அனைவரும் பெண்கள். விருப்பமில்லாத ஒருவர் கையில் ஊசியைத் திணித்தால் அவருக்கும் அமைதி கிட்டும் என்று இக்கணக்கெடுப்பு சொல்லவில்லை. இது மருந்துமன்று, மாத்திரையை நிறுத்திவிட்டுச் சதுரம் பின்னலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. உறக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால், நோயாளியாயினும் துணையிருப்பவராயினும், மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆண்கள் இதைச் செய்யலாமா என்று தயங்குவோருக்கு ஒரு சொல்: கடற்கரை ஊர்களில் வலையின் கண்ணிகளைப் பின்னுபவர்கள் பெரும்பாலும் ஆண்களே.

யார், எப்போது பின்னக்கூடாது என்பது அதைவிட முக்கியமானது. கையில் ஊசிக்குழாய் பொருத்தப்பட்டிருக்கும் நோயாளி அந்தக் கையால் பின்னக்கூடாது. இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர், ஒரு முறைக்கு நான்கு மணி நேரமளவு, குழாய் பொருத்திய கையை அசைக்காமல் வைத்திருக்கவேண்டும். அந்நேரத்தில் பின்னுவது உடன் வந்தவரின் வேலை. மணிக்கட்டில் மரத்துப்போதல், கட்டைவிரல் மூட்டில் வலி உள்ளவர்களுக்குத் தண்டுப் பின்னல் சாதாரணப் பின்னலைவிடச் சற்றுச் சிரமம். ஊசியைத் தண்டைச் சுற்றித் திருப்பும்போது மணிக்கட்டும் திரும்புகிறது. தடித்த பிடியுள்ள ஊசி உதவும். வலி இல்லாதவர்களும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்கவேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து அக்குள் நிணக்கணுக்கள் நீக்கப்பட்டவர்கள், எப்போது தொடங்கலாம், எவ்வளவு நேரம் பின்னலாம் என்பதைத் தங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். புற்றுநோய் மருந்தால் விரல் நுனி மரத்துப்போனவர்களுக்கு விரலால் எண்ணும் கணக்கு பொருந்தாது. அவர்கள் பகலில் கண்ணால் பார்த்தே பின்னட்டும்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோக ஊசி போகவே கூடாது. பையை வெளியில் வைத்துவிடுங்கள். நினைவுக் குழப்பமுள்ள நோயாளியின் கைக்கெட்டும் இடத்திலும் சிறு குழந்தைகளின் அருகிலும் ஊசியையோ கத்தரிக்கோலையோ விட்டுச் செல்லாதீர்கள். தொற்றுநோய்த் தனியறைகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நூலும் வேண்டாம், போர்வையும் வேண்டாம். பிற வார்டுகளில், கை கழுவியபின் ஊசியைத் தொடுங்கள். நூல்கண்டு தரையில் உருளாதவாறு மூடிய பையில் இருக்கட்டும்.

முடிந்த போர்வையைப் பயன்படுத்துவதில் இச்சதுரத்துக்கே உரிய ஒரு விதி உண்டு. மேடுகள் உள்ள துணி, நோயாளியின் மேலே போர்த்துவதற்கு மட்டுமே. நெடுநாள் படுக்கையில் இருப்பவரின் முதுகுக்கோ இடுப்புக்கோ குதிகாலுக்கோ அடியில் இதை விரிக்கக்கூடாது. ஒரே இடத்தில் மேடு அழுத்திக்கொண்டிருந்தால் தோல் சிவந்து படுக்கைப்புண்ணுக்கு வழியாகும். நீரிழிவினால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கு அழுத்துவதே தெரியாமல் போகலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறங்கும்போது தளர்வான போர்வை எதுவும் அருகில் இருத்தல் ஆகாது. நூல்முனை தொங்கினால் அது பிஞ்சு விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்தக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். முனைகளை மொட்டை ஊசியால் மேடுகளின் அடியில் இருபுறமும் செலுத்திக் கோத்த பின்னரே கத்தரியுங்கள். மருத்துவமனைத் துணிகளோடு போட்டால் சலவையின் கொதிநீரில் போர்வை உருக்குலையும். வீட்டுக்கு எடுத்துச் சென்று துவையுங்கள். தடித்த பின்னல் நிறைய நீரைப் பிடித்துக்கொள்வதால், கொடியில் தொங்கவிட்டால் கனத்தில் இழுபட்டு நீளும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாக விரித்து, வெயில் அடிக்கும் நாளில் உலர்த்துங்கள். மூடுபனி நாளில் துவைத்தால் மூன்று நாள் ஆனாலும் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும், வாடையும் வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலாது. சில போர்வைகள் முடிவதில்லை. நோயாளி எதிர்பார்த்ததற்கு முன்பே நலம் பெற்று வீடு திரும்பிவிடுகிறார். வயலும் மாடும் அழைக்கின்றன. பை பரணுக்குப் போய்விடுகிறது. சில வேளை, யாருக்காகப் பின்னத் தொடங்கினோமோ அவர் இருப்பதில்லை. அப்போது பாதிப் போர்வையைப் பார்ப்பதே பாரமாக இருக்கும். ஒரே துண்டாகப் பின்னும் போர்வையைவிடச் சதுரங்களைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் காரணம். ஒவ்வொரு சதுரமும் தன்னளவில் முடிந்தது, பிரிக்கவேண்டியதில்லை. ஒன்பது இருந்தால் மும்மூன்றாக இணைத்துத் தலையணையின் முன்பக்கமாக்கலாம். நான்கு இருந்தால் இரண்டிரண்டாக இணைத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து மூன்று பக்கம் தைத்தால், சிறிய வெந்நீர்ப் பைக்கு உறையாகும். வெந்நீர்ப் பையை உறையோடு கூட, உணர்வு குறைந்த பாதத்தில் வைக்கவேண்டாம். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதென்றால், தேநீர்க் கோப்பையின் அடியில் வைப்பதற்கு அதன் அளவு சரியாக இருக்கும்.